சீனிக்கும் அரைப்பேரா?



நோர்ம் என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு எண்ணை நிர்வாகம் தீர்மானிக்கிறது. மலை காடு மண்டிக் கிடக்கிறதா, உரம் போட்டு எத்தனை மாதம், மழையா பனியா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. எண்ணைப் பிடித்தால் முழுப்பேர், பிடிக்காவிட்டால் அரைப்பேர். குறைந்த கொழுந்துக்குக் காரணம் எதுவானாலும் தண்டனை கூடை சுமந்தவளுக்குத்தான். இதை எதிர்த்து நாம் எத்தனை முறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம், எத்தனை முறை தொழில் திணைக்களத்தின் படியேறியிருக்கிறோம்!

ஆனால் இன்னொரு நோர்ம் நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் நாம் பேசியதில்லை. "வெறும் வயிற்றில் 130க்குள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குள். மூன்று மாதச் சோதனை 7க்குள்." சீனி வருத்தம் உள்ளவர்களின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் இந்த எண்கள் இருக்கும். பிடித்தால் ஒரு தலையாட்டல், பிடிக்காவிட்டால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு ஏச்சு: "வாயைக் கட்டத் தெரியாதா?" அந்த ஏச்சு வாங்கியவர் அடுத்த மாதம் கிளினிக்குப் போகமாட்டார். ஒரு வருடம் கழித்து அழுகிய விரலோடு போவார். பேர் பாதியானால் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். கால் போனால் போனதுதான்.

இந்தக் கட்டுரை வைத்தியர்களுக்கு எதிரானது அல்ல. எண்களுக்கு எதிரானதும் அல்ல. எண் வேண்டும். ஆனால் எண்ணைக் கொடுப்பவர் அதை அடைவதற்கான வழியையும் கொடுக்க வேண்டும். நோர்மைப் பற்றி நாம் எப்போதும் சொல்லிவந்த அதே நியாயம்தான் இது.

பள்ளிமுனையும் நாமும்

மலைநாட்டுத் தொழிற்சங்கப் பத்திரிகையில் பள்ளிமுனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் மூதாதையர் இந்தத் தீவில் முதலில் கால்வைத்தது மன்னார்க் கரையில். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட நம் உறவுகள் பலர் வன்னியிலும் மன்னார்ப் பக்கத்திலும் இன்றும் வாழ்கிறார்கள். அந்தக் கரை நமக்கு அந்நியமல்ல.

பள்ளிமுனை, மன்னார் நகரத்தை ஒட்டிய மீனவக் கிராமம். பெரிய பெருக்க மரத்தைப் பார்க்க பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது ஒரு படம் எடுக்கும் இடம். அங்கே வாழ்பவர்களுக்கு அது யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட ஊர். கடற்படை பிடித்துவைத்த தம் வீட்டுக் காணிகளைக் கேட்டு வருடக்கணக்காகப் போராடிய மக்களின் ஊர்.

அந்த மீனவனையும் நம் கொழுந்தெடுக்கும் தோழியையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவருக்கும் நாட்கூலிதான். கடலுக்குப் போகாத நாளும் மலைக்குப் போகாத நாளும் பட்டினி நாள். மீனவன் விடியுமுன்னே, வெறும் தேத்தண்ணியோடு படகில் ஏறுகிறான். தோழி விடிந்தும் விடியாமலும் லயத்தில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்கு ஓடுகிறாள். இருவருடைய சாப்பாட்டு நேரத்தையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஒருவருக்கு வலை, மற்றவருக்குத் தராசு தீர்மானிக்கிறது. கிளினிக்கோ காலை நேரம், கிழமை நாள். முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் வந்து, இரத்தம் கொடுத்து, நம்பருக்காகக் காத்திருந்து, மருந்துக்கு மறுபடி காத்திருக்க வேண்டும். அன்றைய சம்பளம் போயிற்று.

சீனியைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்றவை. அவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலை செய்தால் சீனி 70க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருளும், பேச்சுக் குழறும். இன்னும் இறங்கினால் மயக்கம். இது சரிவான மலையில், கூடை முதுகில் இருக்கும்போது நடந்தால் என்ன ஆகும்? கரை தெரியாத கடலில், தனியாகப் படகில் நடந்தால்? அதனால்தான் பலர் வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் "ஒத்துழைக்காத நோயாளி". அவர்கள் செய்தது கணக்கு: இன்று மலையில் விழுவதா, பத்து வருடம் கழித்துக் கண் போவதா? இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

எண்கள் எங்கிருந்து வந்தன?

7 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. அதன் வரலாறு தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரத்தத்தில் சீனி கூடக்கூட அது சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை வீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரியும். அதுதான் ஏ-வன்-சி எனப்படும் சோதனை. 7 வீதம் என்றால் சராசரி 154 அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். 8 வீதம் என்றால் 183 அளவு. கிளினிக்குக்கு முன் மூன்று நாள் பட்டினி கிடந்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது.

1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு வெளியானது. முதலாம் வகை நீரிழிவுள்ள 1441 பேர், 13 வயது முதல் 39 வயது வரையானவர்கள். ஒரு பிரிவினரின் சராசரி 7 அளவுக்குக் கொண்டுவரப்பட்டது, மற்றவர்கள் 9 அளவில் இருந்தார்கள். இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு ஏற்படுவது 76 வீதம் குறைந்தது. சிறுநீரகப் பாதிப்பு ஏறத்தாழ பாதியாகவும், நரம்புப் பாதிப்பு 60 வீதமும் குறைந்தன. இந்த எண் உயிர் காக்கும் என்பதில் அன்றிலிருந்து யாருக்கும் சந்தேகமில்லை.

அவர்கள் அந்த 7ஐ எப்படி அடைந்தார்கள் என்பதைத்தான் நமக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசி, அல்லது இன்சுலின் பம்ப். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது விரலில் குத்திப் பரிசோதனை. மாதாமாதம் நேரில் சந்திப்பு, இடையில் தொலைபேசி. வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர் என்று ஒரு குழுவே பின்னால் நின்றது. அத்தனையும் இருந்தும், இறுக்கமான பிரிவில் சீனி ஆபத்தாக இறங்கிய நிகழ்வுகள் மற்றப் பிரிவைவிட மூன்று மடங்கு. அந்தக் குழுவும் ஊசியும் பரிசோதனையும் கடலைத் தாண்டி வரவில்லை. எண் மட்டும் வந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். 7 நல்லதென்றால் 6 இன்னும் நல்லதல்லவா என்று அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவும் இருதய ஆபத்தும் உள்ள 10,251 பேர். ஒரு பிரிவுக்கு இலக்கு 6க்குக் கீழே, மற்றதற்கு 7க்கும் 7.9க்கும் இடையில். 2008 பெப்ரவரியில் அந்த இறுக்கமான சிகிச்சையை இடைநடுவில் நிறுத்தினார்கள். காரணம், இறுக்கமான பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்திருந்தார்கள். எண்ணைத் துரத்தித் துரத்தி ஆளை இழக்கலாம் என்று அன்று வைத்திய உலகமே படித்துக்கொண்டது.

ஆகவேதான் இன்றைய வழிகாட்டல்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு 7. வேறு பல நோய்களும் உள்ள முதியவருக்கு 8 வரை போகலாம். அடிக்கடி சீனி இறங்கி விழுபவருக்கு இலக்கைத் தளர்த்த வேண்டும். ஒருவருடைய வயது, வேலை, தனியாக வாழ்கிறாரா, சீனி இறங்கினால் பிடிக்க ஆள் உண்டா என்பதைப் பார்த்து வைத்தியரும் நோயாளியும் பேசி முடிவெடுக்க வேண்டியது இது. அதாவது இலக்கு ஒரு பேச்சுவார்த்தை. இரண்டு நிமிடத்துக்கு ஒருவரைப் பார்த்து முடிக்க வேண்டிய நிலையில் விடப்பட்ட வைத்தியர் என்ன பேச்சுவார்த்தை நடத்துவார்? அவருக்கும் ஒரு நோர்ம் இருக்கிறது.

பிள்ளைகளுடைய அரை வீதம்

இனி பிள்ளைகள் விடயம். இங்கேதான் அநியாயம் வெளிச்சமாகத் தெரிகிறது.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதலாம் வகை. சீனி தின்றதால் வருவதல்ல, தாயின் பாவத்தால் வருவதுமல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இறந்துவிடும். 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றப்படும்வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் எல்லோரும் இறந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். மருந்து இலாபத்துக்கல்ல என்று நினைத்த மனிதர்கள் அவர்கள். அதன்பின் வந்த கம்பனிகள் அப்படி நினைக்கவில்லை.

பிள்ளையின் சீனி 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும், மூன்று மாதச் சராசரி 7க்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சிறுவர் நீரிழிவு வைத்தியர் சங்கம் 2022இல் சொன்னது. 2024இல், நவீன கருவிகள் கிடைக்கும் பிள்ளைகளுக்கு 6.5ஐ இலக்காக்கலாம் என்றது. தோலில் ஒட்டிவைத்தால் நாள் முழுதும் சீனியைக் காட்டும் கருவி, தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்ப், இவை உள்ள பிள்ளைகளுக்கு.

கருவி இல்லாத பிள்ளைக்கு? அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல் அதை வெளிப்படையாகவே சொல்கிறது: நவீன இன்சுலினோ கருவியோ கிடைக்காத, ஒழுங்காகக் குத்திப் பார்க்க முடியாத பிள்ளைக்கு 7.5 போன்ற தளர்ந்த இலக்கு பொருத்தமாக இருக்கலாம்.

தோழர்களே, இதை இரண்டு முறை வாசியுங்கள். வைத்திய ரீதியில் அது சரியான அறிவுரை. கண்ணைக் கட்டிக்கொண்டு வேகமாக வண்டி ஓட்ட முடியாது. இரவில் சீனி இறங்குகிறதா என்று பார்க்க வழியில்லாத பிள்ளைக்கு இறுக்கமான இலக்கு வைத்தால் அது தூக்கத்திலேயே போய்விடலாம். வைத்தியர் தளர்த்துவது பிள்ளையைக் காப்பாற்ற. ஆனால் அதன் பொருள் என்ன? பணக்காரப் பிள்ளைக்கு 6.5, ஏழைப் பிள்ளைக்கு 7.5. இந்த இடைவெளியை நோய் போடவில்லை, வறுமை போட்டது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் அந்த இடைவெளியை வட்டியோடு கட்டப்போவது, இருபது வருடம் கழித்து, அந்தப் பிள்ளைதான். அரைப்பேர் என்பது இதைவிட வேறென்ன?

கணக்கொன்று போடுவோம். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது குத்திப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டல். மாதத்துக்கு 180 ஸ்ட்ரிப். அரசாங்க வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம், அது இந்த நாட்டின் இலவச சுகாதாரத்தின் பெருமை, அதைக் காப்பாற்ற வேண்டியது நம் கடமை. ஆனால் வீட்டில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலான பெற்றோர் கடையில்தான் வாங்குகிறார்கள். உங்கள் ஊர் பார்மசியில் ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேளுங்கள். அதை 180ஆல் பெருக்குங்கள். உங்கள் நாட்சம்பளத்தால் வகுங்கள். மாதத்தில் எத்தனை நாள் அந்தத் தாய் ஸ்ட்ரிப்புக்காக மட்டும் கொழுந்தெடுக்க வேண்டும் என்று தெரியும். 2021இல் 1000 ரூபாவுக்கும் 2024இல் 1350 ரூபாவுக்கும் நாம் எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது என்பதையும் அப்போது நினைத்துப் பாருங்கள்.

அதன்பிறகு பள்ளிக்கூடம். வகுப்பில் பிள்ளைக்குச் சீனி இறங்கினால் உடனே சாப்பிட வேண்டும், கூடினால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் ஆசிரியரின் அனுமதி வேண்டும். விவரம் தெரியாத ஆசிரியர் அதைக் குழப்படி என்று நினைப்பார். ஊசி போடும் பிள்ளையைத் தொற்றுநோய்க்காரி போலப் பார்க்கும் பெற்றோரும் உண்டு. பெண் பிள்ளையென்றால் "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கலியாணம் நடக்காது" என்று வீட்டிலேயே வாயை மூடுகிறார்கள். மூடிய வாய்க்கு எந்த இலக்கும் எட்டாது.

அவர்களுக்கும் ஒரு இலக்கு உண்டு

இலக்கு நோயாளிக்கு மட்டும் வைக்கப்பட்டது என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் நாடுகள் அடைய வேண்டிய ஐந்து நீரிழிவு இலக்குகளை ஏற்றுக்கொண்டது. நோய் உள்ளவர்களில் 80 வீதமானவர்களைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 80 வீதமானவர்களின் சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 80 வீதமானவர்களின் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 60 வீதமானவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை கிடைக்க வேண்டும். ஐந்தாவது: முதலாம் வகை நீரிழிவுள்ள 100 வீதமானவர்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும், வீட்டில் சீனியைப் பரிசோதிக்கும் வசதியும் கிடைக்க வேண்டும்.

நூறு வீதம்! தொண்ணூறு அல்ல, "நிதி நிலைமைக்கேற்ப" அல்ல. இலங்கை அந்தத் தாபனத்தின் அங்கத்துவ நாடு. ஆகவே நம் பிள்ளையின் கொப்பியில் 7 என்று எழுதும் அரசாங்கத்தின் கொப்பியில் 100 என்று எழுதியிருக்கிறது. பிள்ளை 7.1 எடுத்தால் தாயை ஏசுகிறார்கள். அரசாங்கத்தின் 100க்கு யார் யாரை ஏசுவது?

நம்மை எண்ணிக்கூடப் பார்க்காத காலமும் இருந்தது. 2005, 2006இல் இந்த நாட்டில் நீரிழிவைப் பற்றி நடந்த பெரிய தேசிய ஆய்வு, வளர்ந்தவர்களில் 10.3 வீதமானவர்களுக்கு இந்த நோய் இருப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்ததாகவும் கண்டது. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அந்த ஆய்வு நடந்தது. வடக்கும் கிழக்கும் யுத்தத்தால் விடுபட்டன. அதாவது அந்தத் தேசியக் கணக்கில் பள்ளிமுனையில் ஒருவருக்குக்கூடச் சீனி இல்லை.

தோட்டத்திலும் பழைய கதை இதுதான். மண்டபம் முகாமில் நம் பாட்டன் பூட்டனின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார்கள். உழைக்கும் உடம்பா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள், குணப்படுத்த அல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நோயாளி இருக்கிறாரா என்று விசாரித்தறிவதையும் தேவையானவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதையும் துரையின் கடமையாக்கியது. நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரன் சட்டமே நோய்க்குப் பொறுப்பு நிர்வாகத்துக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. இன்றைய கம்பனியோ, அது அரசாங்கத்தின் வேலை என்கிறது. அரசாங்கம், தோட்டம் கம்பனியின் காணி என்கிறது. இருவருக்கும் இடையிலுள்ள வேலியில் நம் நோயாளி தொங்குகிறார்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

"உங்கள் சாப்பாடுதான் காரணம். கோதுமை மா ரொட்டியும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும்." உண்மையே. அது நல்ல சாப்பாடல்ல. ஆனால் அதை நமக்குப் பழக்கியது யார்? தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்திலிருந்து, குறைந்த காசில் வயிறு நிறைவது மாவில்தான். விடியற்காலையில் ஒரு மணித்தியாலத்தில் எல்லோருக்கும் சமைத்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடியது ரொட்டிதான். மன்னார்க் கரையில் பிடிபடும் நல்ல நண்டு வெளிநாட்டுக்குப் போகிறது, பிடித்தவன் வீட்டில் சோறு மலையாக இருக்கிறது. நல்ல கொழுந்து ஏலத்துக்குப் போகிறது, நமக்குத் தூள். மரக்கறியும் மீனும் பருப்பும் சாப்பிடுங்கள் என்று சொல்பவர் அதை வாங்கும் சம்பளத்தைப் பற்றியும் பேசட்டும்.

"நாட்டில் பணமில்லை." 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஸ்ட்ரிப்புக்குச் செலவழிக்காத பணம் மிஞ்சுவதில்லை. அது டயலிசிஸ் மெஷினுக்கும், கால் வெட்டும் சத்திரசிகிச்சைக்கும், கண் லேசருக்கும் பல மடங்காகப் போகிறது. உழைக்கும் ஆளும் உழைக்க முடியாமல் போகிறார்.

மூன்றாவது பதில் நம் ஆட்களிடமிருந்தே வருகிறது: "சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், சீனியை டொக்டர் பார்த்துக்கொள்வார்." கிளினிக் நாளில் பேர் விழாதது சம்பளப் பிரச்சினை இல்லையா? மலையில் மலசலகூடம் இல்லாமல், தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது வேலை நிலைமைப் பிரச்சினை இல்லையா? கால் மரத்துப்போன ஒருவர் அட்டை கடித்ததையும் முள் குத்தியதையும் அறியாமல் கிழிந்த செருப்போடு கவ்வாத்து மலையில் நடப்பது பாதுகாப்புப் பிரச்சினை இல்லையா? இவற்றை டொக்டர் தீர்க்க முடியாது. மாத்திரைத் துண்டில் சப்பாத்து எழுத முடியாது.

நாம் கேட்பவை

ஒன்று: கிளினிக் கொப்பியில் அன்றைய சீல் இருந்தால் அன்று முழுப்பேர். கழிவு இல்லை, வருகைப் படியும் வெட்டப்படக்கூடாது.

இரண்டு: சீனிக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை சாப்பிடப் பதினைந்து நிமிடம். தராசு தாமதமானாலும் சாப்பாடு தாமதமாகக் கூடாது.

மூன்று: முதலாம் வகை நீரிழிவுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 180 ஸ்ட்ரிப்பும் மெஷினும் அரசாங்க வைத்தியசாலையிலிருந்து இலவசமாக. மலையகத்திலும் வேண்டும், மன்னாரிலும் வேண்டும், சிங்களக் கிராமத்திலும் வேண்டும்.

நான்கு: மூன்று மாதச் சோதனையை வெளியே காசு கொடுத்துச் செய்துவரச் சொல்லும் நிலை மாற வேண்டும்.

ஐந்து: ஒவ்வொருவருக்கும் என்ன இலக்கு, ஏன் அந்த இலக்கு என்று கொப்பியில் தமிழில் எழுத வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாசிக்க முடியாத இங்கிலீஷ் எழுத்தில் நம் உயிரை எழுதிவைக்காதீர்கள்.

ஆறு: தோட்டத்திலும் மீனவக் கிராமத்திலும் மாதம் ஒரு முறையாவது பின்னேரக் கிளினிக்.

ஏழு: மலையில் மலசலகூடம், காலுக்குச் சப்பாத்து.

எட்டு: பாடசாலையில் குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்குச் சீனி இறங்கினால் என்ன செய்வது என்ற பயிற்சி.

இவை எதுவும் ஆகாயக் கோட்டை அல்ல. முதல் இரண்டையும் தோட்ட நிர்வாகம் நாளைக் காலைப் பிரட்டில் அறிவிக்கலாம்.

கோரிக்கை வெல்லும்வரை

அதுவரை நாம் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பிரிவில் சீனி வருத்தம் உள்ளவர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பட்டியல் போட்டு ஒட்டுவதற்காக அல்ல. மலையில் ஒருவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் "குடித்திருக்கிறான்" என்று விட்டுவிடாமல் இருப்பதற்காக. நினைவு இருந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வைத்தியசாலைக்குத் தூக்குங்கள். மருந்து எடுப்பவர் ஒவ்வொருவரும் மடியில் ஒரு பொட்டலம் சீனி வைத்திருக்கட்டும். மாதர் அணித் தோழியர் இதை ஒவ்வொரு கொழுந்துக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

வேலை நாளில் மாத்திரையை விடுபவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். "மலையில் விழுந்துவிடுவேன் என்று பயம், அதனால் விடுகிறேன்" என்று சொல்லுங்கள். சீனியை அவ்வளவு இறக்காத மருந்துகளும் உண்டு, நேரத்தை மாற்றவும் முடியும். கடலுக்குப் போகும் நேரத்தையும் சொல்லுங்கள். சொன்னால்தான் அது பேச்சுவார்த்தை.

பிள்ளை திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, விட்டிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினால் பேயும் இல்லை, பார்வையும் இல்லை. அன்றைக்கே சீனி பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சும் சேர்ந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் வாசலைக் காட்டுங்கள். பயன்படுத்தும் இன்சுலின் குப்பி குளிர்ந்த நிழலில் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். நுவரெலியாக் குளிரில் அது பெரிய பிரச்சினையில்லை. மன்னார் வெயிலில் பிரிட்ஜ் இல்லாதவர் ஈர மண்பானைக்குள், தண்ணீர் படாமல் மூடி வைக்கலாம். ஐஸில் உறைய விட்டால் கெட்டுவிடும்.

தோழர்களே! கிளினிக் வரிசையில் நிற்கும்போது நாம் தனித்தனி நோயாளிகள். ஒவ்வொருவரும் தன் எண்ணைப் பார்த்து வெட்கப்படுகிறோம். தராசடியில் நிற்கும்போதும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றோம், குறைந்த கிலோவுக்குத் தலை குனிந்தோம். ஒருவர் நிமிர்ந்து "தராசைக் காட்டு" என்று கேட்ட பிறகுதான் சங்கம் பிறந்தது. பள்ளிமுனை மீனவனும் கொட்டகலைத் தோழியும் ஒரே கேள்வியைக் கேட்கும் நாள் வரவேண்டும்: எங்கள் எண் இதோ, உங்கள் எண் எங்கே?

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இந்த எட்டுக் கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு பிரதியைத் துரைக்கும் மறு பிரதியைப் பிராந்திய சுகாதாரப் பணிமனைக்கும் அனுப்புங்கள். மூன்றாவது பிரதி நம் சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும்.